குறியெதிர்ப்பை: திருவண்ணாமலைப் பகுதி உழவர் வாழ்வில் பருவப் பசி

பஞ்சம் வேறு, ஆண்டுதோறும் வந்து செல்லும் பசி வேறு. முன்னதனை வரலாறு பெயரிட்டு நினைவில் வைத்துள்ளது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் ‘தாது வருடப் பஞ்சம்’ என மக்கள் வழங்கினர். வடாற்காடு அதில் சிக்கிய மாவட்டங்களுள் ஒன்று. நிவாரண வேலைக்கு வந்தவர்க்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என ரிச்சர்டு டெம்பிள் விதித்ததும், உழைக்கும் உடலுக்கு அது போதாது என மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டதும் ஏடுகளில் உள்ளன. 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. பஞ்சகால விதித்தொகுப்பு அதன் வழியே உருவாயிற்று.

பின்னதற்கு இத்தகைய ஏடும் இல்லை, விதித்தொகுப்பும் இல்லை. மழை பொய்த்த ஆண்டில் மட்டுமன்றி, நன்கு பெய்த ஆண்டிலும் இப்பசி வரும். பழைய விளைச்சல் தீர்ந்து புதிய விளைச்சல் களத்திற்கு வாராத இடைவெளியில் அது வீட்டினுள் நுழையும். அறுவடை வந்ததும் எவரும் அறியாமல் வெளியேறும். எனவே அது செய்தியாவதில்லை. இப்பசியைத் திருவண்ணாமலைப் பகுதியின் ஏழை உழவரும் கூலியாளரும் எவ்வாறு எதிர்கொண்டனர், எதிர்கொள்கின்றனர் என்பதைச் சங்கப் பாடல்களின் துணையோடு காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருளியலார் பேசும் பொருளைத் தமிழ் மாணவர் பேசுவது ஏன் என ஒருவர் வினவலாம். அப்பொருளுக்கு வேண்டிய கலைச்சொல் நம்மிடம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது என்பதே விடை.

அச்சொல் ‘குறியெதிர்ப்பை’. அண்டை வீட்டில் ஓர் அளவு குறித்துத் தானியம் வாங்கி, பின்னர் அதே அளவு திருப்பித் தருவது குறியெதிர்ப்பையாகும். வட்டி இல்லை, சீட்டு இல்லை, அளந்த படியே சாட்சி. இன்று ‘கைம்மாற்று’ என்கிறோம். பேச்சுவழக்கில் அது ‘கைமாத்து’ ஆகும்.

நிலமும் பாட்டும்

திருவண்ணாமலை மாவட்டம் 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வடாற்காடு மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டது. பத்துப்பாட்டு பயில்வோர்க்கு இந்நிலம் புதியதன்று. மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவன் நன்னனது செங்கண்மாவே இன்றைய செங்கம். அப்பாட்டில் வரும் சேயாறு இன்றும் செய்யாறு என ஓடுகிறது. நவிரமலையைப் பருவதமலை என்பர். பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழியிலுள்ள சிற்றூர்களில் எவ்வுணவு கிடைக்கும் எனப் பெருங்கௌசிகனார் ஊர் ஊராகக் கூறிச் செல்கிறார். தினைச்சோறு, ஊன், மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லும் அவரையும் புளியும் கூடிய கூழ் என அப்பட்டியல் நீளும். அதனைப் படிப்போர் இந்நிலம் வளமன்றி வேறறியாதது என எண்ணுதல் கூடும். ஆனால் அவ்வுணவை நாடி நடப்போர் யாவர் எனப் பார்த்தல் வேண்டும். அவர்கள் பசியோடு புறப்பட்டவர்கள். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே பசித்தவனுக்கு வழி சொல்லும் வகையன்றோ!

இதன் கிழக்கே, திண்டிவனத்தைச் சூழ்ந்த ஓய்மானாட்டுத் தலைவன் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை அப்பசியை மறைக்காமல் காட்டுகிறது. கூரை சிதைந்த அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் பாலின்றிக் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பின்றி வேக வைக்கிறாள். அதனைச் சுற்றத்தோடு உண்ணுமுன் அவள் செய்வது ஒன்றுண்டு: பிறர் கண்ணில் படாதபடி கதவை அடைக்கிறாள். நத்தத்தனார் பாட்டில் நம்மை நிறுத்தும் இடம் இதுவே. பசியைக் கணக்கெடுக்கச் செல்லும் இன்றைய ஆய்வாளரும் முதலில் சந்திப்பது இக்கதவையேயாகும்.

இரு வேறு பசிகள்

இப்பகுதியில் பேராறு ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் நிறைவுற்ற சாத்தனூர் அணையின் கால்வாய்கள் எட்டும் ஊர்களை விட்டால், ஏனைய ஊர்கள் ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியவை. மானாவாரி நிலத்தில் ஆடியில் மல்லாட்டை விதைத்து ஐப்பசி, கார்த்திகையில் பிடுங்குவர். நிலக்கடலைக்கு இங்கு வழங்கும் பெயர் அதுவே. ஏரிப்பாசன நிலத்தில் சம்பா நெல் தையில் களம் சேரும். கிணறு உள்ளவர் நவரையும் சொர்ணவாரியும் பயிரிடுவர். கிணறு இல்லாதவர்க்கும் நிலமே இல்லாதவர்க்கும் ஆண்டில் இரண்டு இடுக்கண் காலங்கள் உண்டு.

முதலாவது கோடை. பங்குனி கழிந்தபின் ஆனி வரை வயலில் வேலை இராது. கடையில் அரிசி இருக்கும். வாங்கக் கூலி இராது. இது வேலையில்லாப் பசி. இரண்டாவது ஆவணி தொடங்கிக் கார்த்திகை வரையிலானது. அப்போது வேலை உண்டு. நாற்று நடவும் களையெடுப்பும் உடலை முறிக்கும். ஆனால் வீட்டுப் பானையில் தானியம் அடியைத் தொட்டிருக்கும், விலையோ ஏறியிருக்கும். ஐப்பசி அடைமழையில் நான்கு நாள் தொடர்ந்து வேலை நின்றால் அந்நான்கு நாளும் அடுப்பு ஐயத்திற்குரியது. விறகும் நனைந்திருக்கும், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அக்காலத்திற்கு உரியவை. கடும் உழைப்பு, குறைந்த உணவு, நோய், உயர்ந்த விலை ஆகிய நான்கும் ஒரே பருவத்தில் ஒன்றுகூடுவதே ஊர்ப்புற வறுமையின் உட்கிடக்கை என்பதை ராபர்ட் சேம்பர்ஸ் முதலிய அறிஞர்கள் வலியுறுத்தினர். 1981இல் வெளிவந்த அவர்தம் தொகுப்பு நூல் இத்துறையில் முன்னோடி.

சேம்பர்ஸுக்கு இது நூலறிவு மட்டுமன்று. 1973–74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடாற்காட்டுச் சிற்றூர்களில் தங்கிப் புதிய நெல் வகைகள் யாருக்குப் பயன்பட்டன என ஆராய்ந்தபோது அவரும் அக்குழுவில் இருந்தார். அவ்வாய்வு பி. எச். ஃபார்மர் பதிப்பில் 1977இல் நூலாயிற்று. பசுமைப் புரட்சி என்ற தொடரின் பின் ஒரு வினாக்குறியை இட்டுத் தலைப்பாக்கிய நூல் அது. பின்னர் ஹேசல், இராமசாமி ஆகியோர் அதே பகுதியை மீண்டும் ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட நூல், சிறு உழவரும் நிலமற்ற கூலியாளரும்கூட வருவாயில் முன்னேறினர் எனக் கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தல் நலம். வருவாய் என்பது ஓராண்டின் கூட்டுத்தொகை. பசி என்பது மாதக் கணக்கு. ஆண்டுக் கணக்கில் உயர்ந்த குடும்பம் புரட்டாசியில் பட்டினி கிடத்தல் இயலும்.

புறநானூறு காட்டும் மூன்று படிகள்

இனி, இப்பசியை மக்கள் எதிர்கொள்ளும் முறைக்கு வருவோம். அம்முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. புறநானூற்றின் 333ஆம் பாட்டு அவ்வொழுங்கைச் சில அடிகளில் கூறிவிடுகிறது. சிற்றூர்த் தலைவன் வீட்டில் வரகும் தினையும் இரவலர்க்கு ஈந்து தீர்ந்துவிட்டன. புதிய விருந்தினர் வருகின்றனர். இல்லாள் குறியெதிர்ப்பைக்கு முயல்கிறாள். ஊரில் எவரிடமும் கிடைக்கவில்லை. ஆகவே விதைக்கென உலர்த்தி வைத்த தினைக்கதிரை உரலில் இடுகிறாள்.

உரையாசிரியர்கள் இதனை விருந்தோம்பலின் உச்சமாகக் காட்டுவர்; அது பொருந்தும். ஆயினும் உழவியல் நோக்கில் காணின் இப்பாட்டு வேறொன்றையும் உணர்த்துகிறது. கையிருப்பு, கைம்மாற்று, விதை என்பதே அதன் வரிசை. முதற்படி இன்றைய நாளைத் தொடுகிறது. இரண்டாம் படி வரும் அறுவடையின் ஒரு பகுதியைத் தொடுகிறது. மூன்றாம் படி அடுத்த ஆண்டையே உண்டுவிடுகிறது. ஏழைகள் இவ்வரிசையை அறியாதவர் அல்லர். மூன்றாம் படியில் கால் வைக்காதிருக்கவே முதல் இரண்டு படிகளில் நெடுநாள் பசித்திருப்பர். சூடான் நாட்டின் தார்ஃபூரில் 1984–85 பஞ்சத்தை ஆராய்ந்த அலெக்ஸ் டி வால் இதனையே கண்டார். அங்கு மக்கள் பசியைத் தவிர்ப்பதை விட, விதையையும் கால்நடையையும் இழந்து ஓட்டாண்டியாவதைத் தவிர்க்கவே முனைந்தனர். குழந்தைகள் தின்றுவிடாதிருக்க விதைத் தானியத்தில் மணலைக் கலந்து வைத்த தாயரையும் அவர் குறிப்பிடுகிறார்.

முதற்படியில் நம் பகுதி மக்களின் கைத்திறன் வியப்பிற்குரியது. கேழ்வரகு பல ஆண்டுகள் கெடாது, சாமையும் அத்தகையது. மண் குதிரிலும் அடுக்குப் பானையிலும் இருந்த இத்தானியங்களே ஏழையின் வைப்புநிதி. களியாக உண்ட வீடு, பருவம் இறங்க இறங்கக் கூழுக்கு மாறும். பின்னர்க் கூழில் நீர் மிகும். வரப்பிலும் வேலியிலும் கிடைக்கும் பண்ணைக்கீரை, சாரணை, குப்பைக்கீரை, முருங்கைக்கீரை ஆகியன உடன் சேரும். புளியங்கொட்டையை வறுத்து உண்பதும் உண்டு. பெருஞ்சித்திரனார் புறம் 159ஆம் பாட்டில் தம் மனைவி குப்பைக்கீரையின் இளந்தளிரை உப்பும் மோரும் இன்றி நீரில் வேக வைத்ததைக் கூறுவது கற்பனையன்று என்பதை ஊர்ப்புற மாணவர் தம் பாட்டியரிடம் கேட்டுத் தெளியலாம். வயல் நண்டும் நத்தையும் மழைக்கால உணவு. அறுவடைக்குப்பின் இருளர் எலிவளையைத் தோண்டி அதில் சேர்ந்த நெற்கதிரை எடுப்பர். மல்லாட்டை பிடுங்கிய நிலத்தில் பெண்கள் மண்ணைக் கிளறித் தங்கிய காய்களைச் சேர்ப்பர். நிலவுடைமையாளர் இவற்றைத் தடுப்பதில்லை என்பது எழுதாத ஊர் வழக்கு.

ஆடியில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது. வீடுதோறும் கேழ்வரகு மாவு பெற்று ஒரே பானையில் காய்ச்சி எல்லார்க்கும் வார்க்கின்றனர். கோடையின் வேலையில்லாக் காலம் முடிந்து, விதைப்பு தொடங்கி, விளைச்சல் தொலைவில் இருக்கும் மாதம் அது. வழிபாட்டின் பொருளை அதன் அன்பர்கள் கூறட்டும். ஆனால் கூழின் காலம் பசியின் காலத்தோடு பொருந்தி வருகிறது.

இல்லத்தினுள் இப்படியின் சுமை சமமாகப் பகிரப்படுவதில்லை என்பதையும் சொல்லியாதல் வேண்டும். உழைக்கும் ஆணுக்கு முதலில், குழந்தைக்கு அடுத்து, தனக்குக் கடைசியில் என்பதே பெண் வைத்த முறை. களையெடுப்போர் பெரும்பாலும் பெண்களே. உடல் மிகுதியாக உழைக்கும் பருவத்தில் மிகக் குறைவாக உண்பவள் அவளே. இதனைத் தியாகம் எனப் போற்றிக் கடந்து செல்வது நம் இலக்கியக் கட்டுரைகளின் வழக்கம். போற்றுதல் எளிது, குருதிச்சோகைக்கு அது மருந்தாவதில்லை.

படியின் அறம்

இரண்டாம் படியாகிய குறியெதிர்ப்பையில் சற்று நிற்றல் தகும். திருக்குறளின் ஈகை அதிகாரத்து முதற்குறள், வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை என்றும் பிற கொடைகள் குறியெதிர்ப்பை போன்றவை என்றும் பிரிக்கிறது. எனவே குறியெதிர்ப்பை ஈகையினும் தாழ்ந்தது என மாணவர் கருதுவர். கொடுப்போன் பக்கம் நின்று நோக்கின் அது சரியே. பெறுவோன் பக்கம் நின்று நோக்கினால் வேறு உண்மை புலப்படும். ஈகையைப் பெற்றவன் இரவலன் ஆகிறான். குறியெதிர்ப்பை பெற்றவள் அண்டை வீட்டாளாகவே நீடிக்கிறாள். இன்று அவள் படி நீட்டுவாள். தையில் இவள் நீட்டுவாள். கதவை அடைத்துக்கொண்டு கீரை தின்ற குடும்பத்திற்கு மானம் குறையாத ஒரே உதவி இதுவாகும்.

குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்குக் கூறுவதாக அமைந்த புறம் 163ஆம் பாட்டு இதற்குச் சான்று. யார் யார்க்குக் கொடுக்க வேண்டும் என அவர் அடுக்கும்போது, அவளை விரும்பியவர், அவள் விரும்பியவர், சுற்றத்து மூத்த மகளிர் ஆகியோரோடு, குடும்பத்தின் கடும்பசி தீர நெடுநாள் குறியெதிர்ப்பை தந்தவர்களையும் சேர்க்கிறார். வள்ளன்மைப் பாட்டாக நாம் பயிலும் அது, பழங்கடன் தீர்க்கும் பாட்டுமாகும். இசுலாமிய மரபு வட்டியில்லாக் கடனை ‘அழகிய கடன்’ எனச் சிறப்பிப்பதும் இவ்வுணர்வோடு ஒத்தது.

ஆனால் இக்கைம்மாற்றுக்கு ஓர் எல்லை உண்டு. பருவப் பசி ஊரில் எளியோர் அனைவரையும் ஒரே நேரத்தில் தாக்குவது. என் பானை காலியாகும் நாளில் என் அண்டையாளின் பானையும் காலியாகிறது. 333ஆம் பாட்டில் இல்லாள் வெறுங்கையுடன் திரும்பியது ஊரார் கன்மனத்தால் அன்று. அவர்களிடமும் இல்லாமையால் எனக் கொள்வதே பொருத்தம். அண்டையில் கிடைக்காதபோது மக்கள் வேறிடம் செல்வர். அண்டாவும் குடமும் அடகுக்கடைக்குப் போகும். நிலமுடையோரிடம் வருங்கூலியை முன்னதாக வாங்குவர். சிறு உழவர், விளைச்சலைத் தமக்கே விற்பதென்னும் ஒப்பந்தத்தில் வணிகரிடம் கடன் பெறுவர். அதனால் அறுவடையில் விலை தாழ்ந்திருக்கும்போதே நெல் வீட்டை விட்டுப் போகும். புரட்டாசியில் ஏறிய விலைக்கு அரிசியாக வாங்குவர். தாம் விளைத்ததைத் தாமே இழப்பில் வாங்கும் இச்சுழற்சியில் ஒரு சூழ்ச்சிக்காரனைத் தேடுதல் வேண்டா. களஞ்சியமும் கையிருப்பும் இல்லாமையே போதுமானது. ஆரணியின் வணிகத்தை 1973 தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த பார்பரா ஹாரிஸின் எழுத்துகளை இவ்வகையில் பயில்வது பயன் தரும்.

விதையை உண்ணுதல்

மூன்றாம் படி இன்று வேறு உருவில் உள்ளது. விதைநெல்லை உரலில் இடுவோர் அரியர். அதற்கு ஈடானவற்றை இழப்போர் உளர். உழவு மாட்டை விற்றல் அவற்றுள் ஒன்று. வறண்ட ஆண்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதால் விலை வீழ்கிறது. மழை வந்தபின் அதே மாட்டை வாங்க இயலாது.

இதனினும் கொடியது முன்பணம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மேஸ்திரி மழைக்காலத்தில், அதாவது பசிக்காலத்தில், முன்பணம் தருகிறார். தை பிறந்ததும் குடும்பம் முழுதும் சென்னையைச் சூழ்ந்த சூளைகளுக்குச் சென்று ஆனி வரை கல் அறுக்கிறது. குழந்தையின் பள்ளியாண்டு பாதியில் அறுபடுகிறது. கணக்குத் தீராவிடில் அடுத்த ஆண்டும் செல்ல வேண்டும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அதன்பின்னும் இம்மாவட்டத்து இருளர் குடும்பங்கள் அரிசி ஆலைகளிலிருந்தும் சூளைகளிலிருந்தும் மீட்கப்பட்டுள்ளன. உழைப்பாளியின் விதைநெல் அவனது வருங்காலக் கூலியும் அவன் பிள்ளையின் கல்வியுமே எனில், அவை இரண்டும் இங்கு உரலில் இடப்படுகின்றன.

சவ்வாது மலையின் நிலை தனித்துக் கூறத்தக்கது. சாமையும் தேனும் பலாவும் புளியும் தரும் அம்மலையில் நிலம் மேடு. விளைச்சல் மழையைச் சார்ந்தது. கூலி தேடி இறங்கிய மலைவாழ் இளைஞர்களுள் சிலரை ஆந்திர மாநிலத்துச் செம்மரக் காடுகளுக்குத் தரகர்கள் அழைத்துச் சென்றனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். குற்றமும் சட்டமும் நீதிமன்றத்திற்கு உரியவை. ஏப்ரல் என்பது வேலையில்லாக் கோடை மாதம் என்பதை மட்டும் இங்குக் குறித்துச் செல்கிறோம்.

அரிசியும் வேலையும்

அரசு செய்தவற்றைக் கூறாது விடுதல் நன்றியன்று. 1956இல் காமராசர் காலத்தில் விரிந்த பள்ளி மதிய உணவும், 1982 ஜூலையில் ம.கோ.இரா. தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கி 2023இல் விரிவாக்கப்பட்ட காலை உணவும் குழந்தைகளின் பசியைப் பருவத்தினின்று பெரிதும் விடுவித்தன. கோடை விடுமுறையில் பள்ளி அடுப்பு அணைவது ஒன்றே குறை; வேலையில்லாப் பசியின் மாதங்கள் அவையே. நியாயவிலைக் கடை அரிசி 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படலாயிற்று. புரட்டாசியின் விலையேற்றம் ஏழையின் அடுப்பைத் தொடாதபடி செய்தது இவ்வரிசியே. 2006 பிப்ரவரியில் ஊரக வேலையுறுதித் திட்டம் தமிழகத்தில் முதற்கண் தொடங்கப்பட்ட 6 மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. ஏரி தூர்வாரும் ‘நூறு நாள் வேலை’ கோடையில் கூலி தந்தது. தொலைவு செல்ல இயலாத முதிய பெண்களுக்கு அது உற்ற துணையாயிற்று.

இவற்றால் வயிறு நிறையும் பசி பெருமளவு நீங்கியது. நீங்காதவை இரண்டு. ஒன்று, உணவின் தன்மை. களஞ்சியத்தில் கேழ்வரகும் சாமையும் இருந்த இடத்தில் அரிசி மட்டும் உள்ளது. மல்லாட்டையும் நெல்லும் காசாகி வெளியேறுகின்றன. பருப்பும் காயும் கையில் பணமுள்ள மாதங்களுக்கே உரியவை. நெல் அறுவடை இயந்திரம் வந்தபின் களத்து நெற்கூலியும் கதிர் பொறுக்கலும் அருகின. மற்றொன்று, காசின் பருவம். அரிசி கிடைத்தாலும் மருந்துக்கும் பள்ளிக்கும் விதைக்கும் பணம் வேண்டும். அது வேண்டப்படுவது பெரும்பாலும் ஆனியிலும் ஆடியிலும்.

அவ்விடத்தை நிரப்ப மகளிர் தன்னுதவிக் குழுக்களும், அவற்றின் பின் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. குழுவில் பெண்கள் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்பது குறியெதிர்ப்பையை நினைவூட்டுவதுதான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய கைம்மாற்று தையில் களம் நிறைந்தபின் திரும்பியது. பசித்த மாதத்தில் எவரும் படியைத் திருப்பிக் கேட்டதில்லை. நுண்கடனுக்கோ வாரந்தோறும் தவணை உண்டு. ஐப்பசி அடைமழையில் வயலிறங்க முடியாத வாரத்திலும் தண்டல்காரர் வாசலில் நிற்கிறார். அத்தவணைக்காக மேஸ்திரியிடம் முன்பணம் பெற்ற குடும்பங்கள் உள்ளன. கடன் தரும் வங்கிகளும் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தவணை நாளை அவ்வவ்வூர்ப் பயிரின் அறுவடையோடு பொருத்தி அமைத்தால், இரண்டாம் படியிலேயே பலர் நின்றுவிட இயலும். அதற்குப் புதிய பணம் தேவையில்லை. அவ்வூரில் எது எப்போது விளைகிறது என்னும் பட்டியல் ஒன்று போதும்.